பத்திராதிபர் பி. ஆர். ராஜமையர்

மதுரை நகரத்தினின்று வடமேற்கே செல்லும் சாலை, சமயநல்லூரையும் வாடிப்பட்டியையும் கடந்து, அம்மையநாயக்கனூருக்கு அருகில் இரயில் பாதையை விட்டு விலகி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டை அடைகின்றது. வைகைச் சமவெளி அங்கே முடிகின்றது. பழனிமலைச் சாரல் அங்கே தொடங்குகின்றது. கொடைக்கானலுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் இவ்வூரில் வண்டியை நிறுத்தி ஒரு வாய்க் காப்பி அருந்திவிட்டு மலையேறுவது வழக்கம். அவர்களுள் எத்தனை பேர் இஃது ஒரு பத்திராதிபர் பிறந்த ஊர் என்பதை அறிவர்? ஒருவரல்லர், மூவர் என்றே சொல்லலாம். மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக்கி நடத்திய பி. எஸ். ராமையா இவ்வூரினர். எழுத்து என்னும் பத்திரிகையை 1959-இல் தொடங்கித் தம் கைப்பொருளை அதிற் கரைத்த சி. சு. செல்லப்பாவும் இவ்வூரில் வளர்ந்தவரே. இவ்விருவருக்கும் ஒரு தலைமுறைக்கு முன்னே தோன்றி, இருபத்தாறு வயதிற்குள் தமிழில் ஒரு நாவலும் ஆங்கிலத்தில் ஒரு மாதப் பத்திரிகையும் நிலைநாட்டி மறைந்தவர் பி. ஆர். ராஜமையர். அவருடைய சரிதமே ஈண்டு எழுதப்புகுந்தது.

ராஜமையர் 1872-ஆம் ஆண்டிற் பிறந்தார். அந்நாளில் வத்தலக்குண்டு மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததாயிருந்தது. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் தனியே அமைந்தபின்னர் அதனுட் சென்றது. அவருக்கு நான்கு வயது நிரம்பும் தருணத்தில் 1876-ஆம் ஆண்டின் கொடிய பஞ்சம் தொடங்கிற்று. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லி நடுங்கியது இதுவே. சென்னை மாகாணம் முழுவதும் இரண்டு ஆண்டுகள் வாடிற்று. பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பும் வேலை அப்பஞ்சத்திற்குப் பின்னரே ஊக்கத்துடன் எடுத்துக்கொள்ளப்பட்டு 1895-இல் முற்றுப்பெற்றது. ஆகவே ராஜமையர் இளமையிற் கண்ட மதுரைப் பூமி, கால்வாய்ப் பாசனத்தால் இருபோகம் விளையும் இன்றைய பூமியன்று. வானத்தையும் கண்மாயையும் நம்பியிருந்த பூமி. மனிதர் மனத்தின் திடமும் திடமின்மையும் ஒருங்கே வெளிப்படும் காலம் பஞ்சகாலம். அக்காட்சிகள் அப்பாலகருடைய உள்ளத்திற் பதிந்தனவோ இல்லையோ, யாம் துணிந்து சொல்லுதற்கில்லை. பின்னாளில் அவர் எழுதிய கதையில் உள்ளவன் இல்லாதவனாதல் ஒரே அத்தியாயத்தில் நிகழ்ந்துவிடுகின்றது என்பதை மட்டும் குறித்துச் செல்வோம்.

உள்ளூரிற் தொடக்கக் கல்வி முடித்து, மதுரையிலே மேற்படிப்புப் படித்துப் பின் சென்னை சென்று கிறிஸ்தியன் கலாசாலையிற் சேர்ந்து பி. ஏ. பட்டம் பெற்றார். அக்கலாசாலை தாம்பரத்திற்குப் போனது 1937-இல். ராஜமையர் பயின்ற காலத்தில் அது சென்னைத் துறைமுகத்தை அடுத்த எஸ்பிளனேடில் இருந்தது. டாக்டர் மில்லர் துரையவர்கள் பிரின்ஸிபாலாக விளங்கிய காலம் அது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை வெறும் பாடமாக அல்லாமல், மனிதருடைய நெஞ்சம் எவ்வாறு தன்னைத்தானே கெடுத்துக்கொள்கின்றது என்பதற்கு உதாரணமாக வைத்துப் போதித்தவர் மில்லர். வர்ட்ஸ்வர்த், ஷெல்லி, கீட்ஸ் முதலிய ஆங்கிலக் கவிகளில் ராஜமையருக்கு மிக்க ஈடுபாடு உண்டாயிற்று. தமிழில் கம்பரும் தாயுமானவரும் அவருக்கு உயிர். ஒரு விசித்திரம் சொல்லவேண்டும். அதே 1872-இற் பிறந்து, அதே கலாசாலையிற் பயின்று, அதே பத்திரிகையில் நாவல் எழுதத் தொடங்கிய வேறொருவரும் உண்டு. அவர் பெருங்குளம் அ. மாதவையா. இருவரும் ஒரே ஆண்டுக் குழந்தைகள். ஆயினும் ஒருவர் சமூகத்தைச் சீர்திருத்தப் பேனாவைப் பிடித்தார், மற்றவர் மனத்தைச் சோதிக்கப் பேனாவைப் பிடித்தார்.

பட்டம் பெற்றபின் ராஜமையர் அக்கால வழக்கப்படி சட்டம் பயிலப் புகுந்தார். அதில் அவர் நிலைபெறவில்லை. அக்காலத்துப் பட்டதாரி இளைஞருக்கு வக்கீல் வேலை அல்லது சர்க்கார் உத்தியோகம் என்னும் இரண்டு வாயில்களே திறந்திருந்தன. இரண்டிலும் நுழையாதவனை ஊரார் என்ன சொல்வர் என்பதை நம் மாணாக்கருக்கு விவரிக்க வேண்டுவதில்லை. ராஜமையர் மூன்றாவது வாயிலொன்றைத் தேடினார். அது பத்திரிகை.

இங்குச் சிறிது நின்று, அக்காலத்துப் பத்திரிகைகள் மனத்தைப்பற்றி யாது எழுதின என்பதைக் கூறுதல் வேண்டும். அது தெரிந்தாலன்றி ராஜமையர் செய்தது இன்னதென விளங்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்நாட்டுப் பத்திரிகைகளிலே மூளையின் களைப்பு என்பது பெரும் பேச்சாயிருந்தது. அமெரிக்க வைத்தியரான ஜார்ஜ் பியர்டு என்பவர் 1869-இல் நரம்புத் தளர்ச்சி என்னும் ஒரு நோய்க்குப் பெயரிட்டார். 1881-இல் அவர் வெளியிட்ட நூலில் மனிதனுடைய நரம்புச் சக்தியை ஒரு மின்சார யந்திரத்திற்கு ஒப்பிட்டார். யந்திரம் தரும் மின்சாரம் ஓர் அளவினது; அதிற் பொருத்தும் விளக்குகள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் மங்கும்; அங்ஙனமே மனிதனும் என்பது அவர் கொள்கை. இந்நோய்க்குக் காரணங்களாக அவர் எண்ணிக்காட்டியவை ஐந்து: நீராவி யந்திரம், பத்திரிகை, தந்தி, விஞ்ஞானம், பெண்மக்களின் அறிவுழைப்பு. கடைசிக் காரணத்தைக் கேட்டு நம் கலாசாலைச் சகோதரிகள் நகைப்பர், நகைக்கட்டும். இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். மூளைக் களைப்பைப்பற்றி ஓயாது எழுதிய பத்திரிகைகளே மூளைக் களைப்பிற்குக் காரணம் என்றார் வைத்தியர். அதையும் பத்திரிகைகளிலேயே மக்கள் படித்தறிந்தனர். இங்கிலாந்திலோ 1884-இல் கிரைட்டன் பிரவுன் என்னும் வைத்தியர் லண்டன் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிய பாடச் சுமையால் தலைவலியும் உறக்கமின்மையும் அடைகின்றனர் என்று அறிக்கை எழுதப்போக, அது பெரிய வாக்குவாதத்தை விளைத்தது.

நம் நாட்டிலே இவ்வெண்ணம் வேறு உருவத்தில் வழங்கிற்று. அதிகம் படித்தால் மூளை சூடேறும் என்பர் முதியோர். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்வர். ஞாபகத்திற்கு வல்லாரை, கணக்கிற்கு வெண்டைக்காய் என்பர். யான் மாணாக்கனாயிருந்தபோது பரீக்ஷைக் காலத்தில் இம்மூன்றும் எனக்கு நடந்தன. கணக்கில் மட்டும் யாதொரு முன்னேற்றமும் காணப்படவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் மூளைக்குக் குளிர்ச்சி தரும் தைலங்களுக்குக் குறைவில்லை. மேல்நாட்டுக் கருத்தும் நம்மவர் கருத்தும் அடிப்படையில் ஒன்றே. மனம் என்பது ஒரு சேமிப்பு, செலவிட்டால் குறையும், ஆகவே சிக்கனம் வேண்டும் என்பதே அது.

ராஜமையர் இதனை ஒப்பியவரல்லர். தாயுமானவரிடத்தும் உபநிஷதங்களிடத்தும் அவர் கற்றது வேறு. மனம் களைப்பது உழைப்பால் அன்று, சிதறுதலால். ஒன்றில் நிலைத்த மனம் களைப்பதில்லை. மனத்தின் ஆட்டத்தை வேறாய் நின்று பார்க்கக் கற்றவனை அது ஆட்டுவதில்லை என்பது அவ்வழி. இது பழைய செய்தி. குரங்கென்றும் மதயானையென்றும் மனத்தைப் பழித்துப் பாடாத தமிழ்ப் பெரியோர் இலர். ராஜமையர் செய்த புதுமை, அப்பழைய செய்தியை மடத்தினின்றும் ஏட்டுச்சுவடியினின்றும் எடுத்து, மாதந்தோறும் தபாலில் வரும் பத்திரிகைக்குள் வைத்ததே. அதிலும் சூத்திரமாக வையாது, திண்ணையில் உட்கார்ந்து வம்பளக்கும் மனிதரின் கதையாக வைத்தார்.

சி. வி. சுவாமிநாதையர் 1892-இல் விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் 1893 முதல் 1895 வரை ராஜமையர் எழுதிவந்த தொடர்கதையே கமலாம்பாள் சரித்திரம். ஆபத்துக்கிடமான அபவாதம் என்பது அதன் மற்றொரு பெயர். தொடங்கும்போது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. 1896-இல் அது புஸ்தகமாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்ததற்குப் பின்னர்த் தமிழுக்குக் கிடைத்த பெரிய நாவல் இதுவே என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் இல்லை. வேதநாயகம் பிள்ளை கதையை நிறுத்தி நீதி சொல்வார். சொல்லும் அழகினால் நாமும் பொறுத்துக் கேட்போம். ராஜமையரோ மனிதரைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பார்.

கதை நிகழும் இடம் மதுரை ஜில்லாவிலுள்ள சிறுகுளம் என்னும் கிராமம். முத்துஸ்வாமி ஐயர் என்பவர் அவ்வூரிற் செல்வாக்குள்ள கிருகஸ்தர்; கமலாம்பாள் அவர் மனைவி. மகள் லக்ஷ்மிக்கும் ஸ்ரீநிவாசன் என்னும் இளைஞனுக்கும் விவாகம் நடக்கின்றது. தம்பி குடும்பத்திற் பொறாமை மூள்கின்றது. ஊர்ப் பெண்டிர் கூடி வம்பு வளர்க்கும் சபை ஒன்று உண்டு. அச்சபையின் நடவடிக்கைகளை ராஜமையர் எழுதியிருக்கும் விதத்தைப் படிப்போர் சிரிப்பை அடக்க முடியாது. யமகமும் திரிபும் தவிர வேறொன்றும் அறியாத தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வருகின்றார். இத்தகைய வாத்தியார் நம் ஒவ்வொருவருக்கும் ஒருவர் வாய்த்திருப்பர். பேயாண்டித் தேவன் என்னும் கள்வர் தலைவன் வருகின்றான். ஜல்லிக்கட்டு வருகின்றது. மதுரைச் சீமையின் மண்மணம் தமிழ் நாவலுள் முதன்முதல் வீசியது இந்நூலிலேதான் என்று சொன்னால் அது மிகையன்று. அப்பால் கதை இருளத் தொடங்குகின்றது. குழந்தை காணாமற் போகின்றது, செல்வம் அழிகின்றது, மனைவியைப்பற்றிய பொய்ப்பழி ஒன்று கணவர் செவியிற் புகுகின்றது.

இவ்விடத்தில் ராஜமையரின் திறமை முற்றும் வெளிப்படுகின்றது. வதந்தி என்பது வெளியே ஒருவர் வாயில் தோன்றுவது. ஆனால் அது வேலை செய்வது கேட்பவன் மனத்திலே. கேட்டவுடன் நம்பாமை, பின் ஒரு சிறிய ஐயம், ஐயத்திற்குச் சாக்ஷியாகப் பழைய நிகழ்ச்சிகளைத் தேடுதல், தேடியவுடன் கிடைத்தல், கிடைத்தது பொய்யென்று தோன்றியபோதும் விடமுடியாமை என்று இவ்வாறு படிப்படியாக ஒரு நல்ல மனிதரின் உள்ளம் தன்னைத்தானே வதைத்துக்கொள்வதை அவர் காட்டுகின்றார். வெளிப்பகைவன் ஒருவனும் அங்கில்லை. ஒதெல்லோ நாடகத்தை மில்லர் கலாசாலையிற் படித்த இளைஞர் இதனை எழுதுகின்றார் என்பது தெரிகின்றது. ஆனால் முத்துஸ்வாமி ஐயர் ஒதெல்லோ அல்லர். அவர் வாளை எடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியேறுகின்றார், உயிரையே வெறுக்கின்றார், இறுதியில் சச்சிதானந்த ஸ்வாமிகள் என்னும் ஞானியின் அருளால் அமைதி பெறுகின்றார். பிரிந்தவர் கூடுகின்றனர். நூலின் முடிவிலே ஆசிரியர், கதை சொல்லுதல் தம் முக்கிய நோக்கமன்று என்றும், அமைதியற்று உழன்ற ஓர் ஆன்மா துன்பங்களினூடே சென்று நிர்மலமான இன்பம் அடைந்ததைக் காட்டுதலே தம் கருத்தென்றும் தெரிவிக்கின்றார்.

ஆசிரியர் கருத்து அதுவாயினும், வாசகர் கருத்து அதுவன்று என்பதையும் ஒளியாமற் சொல்லவேண்டும். நூலின் முற்பகுதியை விரும்புவோர் பலர். வேதாந்தம் மிகுந்த பிற்பகுதியில் கதை தளர்கின்றது என்று குறை கூறியோரும் பலர். யானும் இரண்டாம் வகுப்பினரைச் சார்ந்தவனே. ஆனால் இக்குறைக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் எழுதிய கதை அது. எழுதத் தொடங்கிய இளைஞரும் எழுதி முடித்த இளைஞரும் ஒருவரல்லர். முத்துஸ்வாமி ஐயர் குருவைத் தேடி அலைந்த அதே காலத்தில் ராஜமையரும் உள்ளே அலைந்துகொண்டிருந்தார். பத்திரிகைத் தொடர்கதையின் இயல்பு இது: அச்சேறிய அத்தியாயத்தைத் திரும்பப்பெற இயலாது. ஆகையால் நூலாசிரியரின் மனமாற்றம் நூலிலே மரத்தின் வளையம்போலப் பதிந்து கிடக்கின்றது.

அதற்கிடையில் சென்னையில் வேறொரு காரியம் நடந்துவந்தது. 1893-இல் சிகாகோ நகரத்துச் சர்வமத மகாசபையில் விவேகானந்த ஸ்வாமிகள் பேசிப் புகழ்பெற்றபின், அவருடைய சென்னைச் சீடர்கள் 1895-இல் பிரம்மவாதின் என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தலாயினர். ராஜமையர் அதற்கு ஒரு கட்டுரை அனுப்பினார். மனிதனுடைய சிறுமையும் பெருமையும் என்பது அதன் பொருள். அதைக் கண்டோர் அவர் ஆற்றலை உணர்ந்தனர். பிரம்மவாதின் கற்றோர்க்குரியதாய்ச் சற்றுக் கடினமாயிருந்தது. இளைஞர்க்கும் சாமானியர்க்கும் எளிய நடையில், பழங்கதைகள் மூலமாக ஞானத்தைப் புகட்டும் மற்றொரு பத்திரிகை வேண்டும் என்பது ஸ்வாமிகளின் விருப்பம். அதன்படி 1896 ஜூலையில் பிரபுத்த பாரதம் பிறந்தது. விழிப்புற்ற பாரதம் என்பது அப்பெயரின் பொருள். அதன் ஆசிரியராக அமர்ந்த ராஜமையருக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

முதல் இதழைக் கண்ட விவேகானந்தர் மகிழ்ந்தார். மேலட்டையை மட்டும் கண்டு மனம் நொந்தார். உருவங்களை நெருக்கி வரைந்திருந்த அவ்வட்டை அநாகரிகமாயிருக்கின்றதென்றும், எளிமையாய்ப் பொருளுள்ளதாய் இருக்கவேண்டுமென்றும் மேல்நாட்டினின்று கடிதம் எழுதினார். பத்திரிகை நடத்துவோருக்கு இத்தகைய கடிதங்கள் எக்காலத்தும் வரும். நம் கலாசாலைச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவும் அதற்கு விலக்கன்று.

இனி, இப்பத்திரிகையை அவர் நடத்திய முறையைச் சொல்லவேண்டும். ஒரு மாதப் பத்திரிகைக்குப் பல எழுத்தாளர் வேண்டும். அவரிடம் இருந்தவரோ பெரும்பாலும் ஒருவரே, அவர் தாமே. ஆகவே தம்மைப் பலராக்கிக்கொண்டார். டி. சி. நடராஜன் என்று ஒரு பெயர், எம். ரங்கநாத சாஸ்திரி என்று ஒரு பெயர். ஏகாந்தவாசி என்று பொருள்படும் ஒரு புனைபெயர். யாரென்று எவர்க்கும் தெரியாதவர் என்று பொருள்படும் மற்றொரு வேடிக்கையான பெயர். வாசகர் நால்வர் ஐவர் எழுதுகின்றனர் என்று எண்ணியிருப்பர். அகங்காரம் என்பது மனத்தின் ஒரு தொழில், அதைத் தான் என்று நம்பாதே என்று போதித்த மனிதர், தம் பெயரையே துண்டுதுண்டாக்கி எறிந்துவிட்டார் என்பது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. பத்திரிகைத் தேவையும் வேதாந்தமும் ஓரிடத்திற் சந்தித்தன போலும்.

அவர் எழுதியவற்றுள் கடவுளைத் தேடியவர்களின் சரிதங்கள் ஒருவகை. அவற்றுள் நந்தனாருடைய வரலாறு தனித்து நிற்பது. உயர்குலத்திற் பிறந்த இளைஞர், ஞானத்திற்கு உதாரணம் காட்டவேண்டிய இடத்தில், கோயிலுக்குள் அனுமதியாது ஊர்ப்புறத்தே நிறுத்தப்பட்ட ஒரு பறையரைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலம் படித்த உலகத்தார் முன் வைத்தார். மதுரை மீனாக்ஷியம்மன் கோயிற் கதவு எல்லார்க்கும் திறக்க 1939-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்ப்போருக்கு இதன் அருமை விளங்கும்.

புராணக் கதைகளின் உட்பொருளை விளக்குவது மற்றொருவகை. தேவரும் அசுரரும் பாற்கடலும் அவருக்கு வெளியிலுள்ளவை அல்ல, ஒவ்வொருவன் நெஞ்சிலும் நடப்பவை. 1879-இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வுண்டு என்னும் பேராசிரியர் மனத்தை ஆராயச் சோதனைச்சாலை நிறுவினார். 1890-இல் அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் மனநூல் எழுதி, எண்ணங்களை ஓடும் ஆற்றுக்கு ஒப்பிட்டார். ராஜமையரிடம் கருவியும் இல்லை, சோதனைச்சாலையும் இல்லை. தம் உள்ளமே சோதனைச்சாலை. எண்ணம் எழுகின்றது, எழுவதை அறியும் அறிவு ஒன்றும் உடனிருக்கின்றது. அவ்வறிவு களைப்பதில்லை என்பதே அவர் திரும்பத் திரும்ப நிறுவ முயன்றது. இம்முடிவை ஒப்புவோரும் ஒப்பாதோரும் இருப்பர். வேறு சமயத்தாரும் வேறு தத்துவத்தாரும் பயிலும் நம் கலாசாலையில் அதனை விவாதிக்க இடமுண்டு. ஆயினும், ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில் அச்சுக்கூடத்திற்குக் கையெழுத்துப் பிரதி அனுப்பவேண்டிய ஒருவர், அவசரமில்லாத மனத்தைப்பற்றி அவசரமில்லாத நடையில் எழுதினார் என்பதை எவரும் மறுக்க இயலாது.

உண்மையான பெருமை அல்லது வாசுதேவ சாஸ்திரி என்னும் ஆங்கில நாவலையும் அவர் அப்பத்திரிகையில் தொடர்ந்து எழுதிவந்தார். இன்பதுன்பங்களில் அசையாத ஒரு கிருகஸ்தரைப் படைக்க முயன்றார். முத்துஸ்வாமி ஐயர் புயலிற் சிக்கி இறுதியிற் கரையேறியவர். வாசுதேவ சாஸ்திரியோ தொடக்கத்திலேயே கரையில் நிற்பவர். அலையும் மனத்தை எழுதுவது எளிது, அலையாத மனத்தை எழுதுவது அரிது என்பதை நாவல் எழுதினோர் யாவரும் அறிவர்.

இந்நிலையில் அவருடைய உடல் அவரைக் கைவிட்டது. அவருக்கு வந்தது சிறுநீரகத்தைப் பற்றிய நோய். ரிச்சர்டு பிரைட்டு என்னும் லண்டன் வைத்தியர் 1827-இல் விவரித்தமையால் அக்காலத்தில் அவர் பெயராலேயே அதனை வழங்கினர். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சி, அது முட்டையின் வெள்ளைபோல் உறைகின்றதா என்று பார்ப்பது பிரைட்டு காட்டிய சோதனை. நோயை அறிய வழி இருந்தது. தீர்க்க வழி இருக்கவில்லை. பாலாகாரமும் ஓய்வும் வியர்வை வருவித்தலும் தவிர வைத்தியர் செய்யக்கூடியது யாதுமில்லை. இரத்தத்தைக் கருவியாற் சுத்திசெய்யும் முறை 1940-களிலேதான் ஹாலந்து தேசத்துக் கோல்ப் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. 1898 மே மாதம் 13-ஆம் நாள் ராஜமையர் காலஞ்சென்றார். வயது இருபத்தாறு.

இத்தகைய மரணத்தைக் கேள்வியுறும் எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம் ஒன்றுண்டு: மூளையை அளவுக்கு மிஞ்சி வருத்தினார், எண்ணெய் வற்றிய விளக்குப்போல் அணைந்தார் என்பதே அது. பியர்டு வைத்தியரின் மின்சார யந்திரமும் நம் முதியோரின் மூளைச் சூடும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. இது கேட்க இனிது, ஆனால் உண்மையன்று. உடல்நூலார் இன்று அளந்து சொல்வது வேறு. மூளை நம் எடையில் நூற்றில் இரண்டு பங்கே எனினும், இளைப்பாறும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கொள்கின்றது. கடினமான கணக்கைப் போடும்போதும் வாளா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அச்செலவிற் பெரிய வேற்றுமை இல்லை. களைப்பு மெய், ஆனால் பெட்டியிலுள்ள பணம் தீர்வதுபோன்ற களைப்பன்று அது. சிறுநீரகத்தின் நோய் சிந்தனையால் உண்டாவதுமன்று. ராஜமையர் தம் பத்திரிகையில் எழுதிய கொள்கையை அவருடைய மரணத்தைக் காட்டிப் பொய்யாக்க இயலாது என்பதற்காகவே இதனை இவ்வளவு விரிவாக எழுதினேன். அதேபோல் அக்கொள்கை அவரை நோயினின்று காக்கவுமில்லை. களையாத அறிவைப்பற்றி எழுதிய கை, களைத்து ஓய்ந்தது. படிக்கும் பிள்ளைகள் உடம்பைப் பேணாமல் புத்தகத்தின்மேல் உறங்குவதைக் காணுந்தோறும் எனக்கு இவர் நினைவு வருவது வேறு விஷயம்.

ஆசிரியர் மறைந்தவுடன் பத்திரிகையும் நின்றது. ஒருவரே பலராய் எழுதிய பத்திரிகை ஒருவர் போனவுடன் நிற்பதில் வியப்பில்லை. இமயமலைச் சாரலில் அல்மோராவில் அப்போது தங்கியிருந்த விவேகானந்தர் இளைஞரின் மரணச் செய்தியால் வருந்தினார். பத்திரிகையைச் சாகவிட மனமின்றி, ஸேவியர் என்னும் ஆங்கிலத் துரையின் உதவியால் 1898 ஆகஸ்டில் அல்மோராவினின்று மறுபடியும் வெளிவரச் செய்தார். ஸ்வரூபானந்த ஸ்வாமிகள் ஆசிரியரானார். 1899-இல் அது மாயாவதி ஆசிரமத்திற்கு மாறிற்று. வத்தலக்குண்டு இளைஞர் சென்னையில் ஏற்றிவைத்த அவ்விளக்கு நூற்றாண்டைக் கடந்து இன்றும் மாதந்தோறும் வெளிவருகின்றது.

அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905-இல் வேதாந்த உலா என்று பொருள்படும் பெயருடன் பெரிய நூலாகத் தொகுக்கப்பெற்றன. நடராஜனும் ரங்கநாத சாஸ்திரியும் ஏகாந்தவாசியும் பெயர்தெரியாதவரும் ஒரே அட்டைக்குள் ஒருவராயினர். வாசுதேவ சாஸ்திரியின் கதையும் அவர் விட்ட இடத்திலேயே நிற்கின்றது; அதனை வேறொருவர் எழுதி முடிக்கவில்லை.